பழைய கணினியும் இரண்டு வினாக்களும்

ஒழுகும் கூரையில் ஓட்டை மாற்றுவதா, வீட்டையே பிரித்துக் கட்டுவதா என்னும் வினா இல்லறத்தார்க்குப் புதியதன்று. அதே வினா இக்காலத்தில் மேசைமேல் இருக்கும் கணினியின் உருவில் நம் இல்லங்களுள் வந்து நிற்கின்றது. அண்மையில் எங்கள் வீட்டிலும் வந்து நின்றது.

எம்மிடம் உள்ளது 2017ஆம் ஆண்டில் வாங்கிய கணினி. நான்கு கருக்களையுடைய இன்ரெல் ஐ5-7500 செயலி, எட்டு ஜிகாபைட் நினைவகம், ஜி.ரி.எக்ஸ். 1060 கிராபிக்ஸ் கார்ட், சுழலும் தட்டுடைய ஹார்ட் டிஸ்க் ஆகியன அதன் உறுப்புக்கள். விளையாட்டுக்கென்றே அந்நாளில் பொறுக்கிச் சேர்த்தவை அவை. இன்றோ, அதனை இயக்கிவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தாலும் அது விழித்தெழுவதில்லை. புதிய விளையாட்டுக்கள் ஓடுவதும் நிற்பதுமாகத் தடுமாறுகின்றன.

இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் என் மகன் ஒருநாள் மாலை வந்து, "அப்பா, இது இனிச் சரிவராது. புதிசு ஒண்டு எடுப்பம். இல்லாட்டில் கிராபிக்ஸ் கார்டையெண்டாலும் மாத்துவம்" என்றான். கடையில் விசாரித்தேன். முழுவதையும் மாற்றுவதே நன்று என்றும், மூன்று லட்சம் ரூபாவுக்கு மேலாகும் என்றும் சொன்னார்கள். "பழையதே போதும்" என்று மகனிடம் ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

அன்றிரவு என் மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, காசுக்காக வேண்டாமெண்டுறியளோ, பெடியன் விளையாடுறான் எண்டதுக்காக வேண்டாமெண்டுறியளோ? எதெண்டு அவனுக்குச் சொல்லுங்கோ."

அவ்வினா என்னைச் சுட்டது. வினாவைப் பகுத்து விளங்கிக்கொண்டே விடை எழுதவேண்டும் என்று வகுப்பில் நாள்தோறும் போதிப்பவன் நான். அந்த நானே இரண்டு வினாக்களை ஒன்றாக்கி ஒரு விடையினால் மூடிவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகனை அழைத்துக் கணினியின் அருகே அமர்ந்தேன்.

நோயின் முதலை அறிந்த பின்னரே மருந்தைத் தேடவேண்டும். முதலில் பெட்டியைத் திறந்தோம். விசிறிகளில் செம்மண் தூசி மெத்தைபோற் படிந்திருந்தது. வெப்பம் வெளியேறாவிடின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியைத் துடைத்து, செயலியின் மேல் உலர்ந்துபோன வெப்பப் பசையையும் மாற்றினோம். செலவு மிகச் சிறிது, பயனோ கண்கூடு.

அடுத்து ஒரு சோதனை செய்தோம். விளையாட்டின் காட்சித் தெளிவை வேண்டுமென்றே குறைத்து ஓட்டினோம். அவ்வாறு குறைத்ததும் ஓட்டம் விரைவுபடுமாயின் குறை கிராபிக்ஸ் கார்டில் உள்ளது. விரைவுபடாவிடின் குறை பெரும்பாலும் செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது. எங்கள் கணினியில் யாதொரு மாற்றமும் ஏற்படவில்லை. மகன் கேட்டவாறு கிராபிக்ஸ் கார்டை வாங்கியிருந்தால் அப்பணம் வீணாயிருக்கும். அதை அவனே கண்டு ஒப்புக்கொண்டான்.

அப்படியாயின் செயலியை மட்டும் மாற்றலாகாதா? எங்கள் தாய்ப்பலகையில் ஐ7-7700 என்னும் சற்று வலிய செயலி பொருந்தும். ஆயினும் அதுவும் ஏழாம் தலைமுறையதே. மைக்ரோசொவ்ற் நிறுவனம் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்ரெல் செயலிகளுள் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலாக உள்ளவற்றையே ஏற்கின்றது. அந்த எட்டாம் தலைமுறையோ, பொருத்துவாயின் முனைகள் எண்ணிக்கையில் ஒத்திருந்தும், எங்கள் பலகையில் இயங்காது. பலகையை மாற்றினால் நினைவகமும் மாறவேண்டி வரலாம், டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5 பலகையிற் பொருந்தாது. ஒரு கல்லைப் பெயர்த்தால் ஒரு சுவரே உடன்வரும் நிலை இது.

எல்லோர் நிலையும் இதுவன்று. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பொருத்துவாயை உடையவர்கள் பேறுபெற்றவர்கள். 2017இல் வாங்கிய அத்தகைய பலகைகள் பலவற்றில், 2022இல் வெளிவந்த ரைசன் 5800எக்ஸ்3டி வரையான செயலிகளைப் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்துப் பொருத்தலாம். ஆகவே, அயலவர் செய்ததைப் பார்த்து நாமும் செய்தல் தகாது. நம் பலகை யாதென்று முதலில் அறிதல் வேண்டும்.

விலையையும் எண்ணினோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. 2025இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால் நினைவகத்தின் விலையும் உலகெங்கும் ஏறியது. நாளை கழற்றி எறியவேண்டிய நினைவகத்தை இன்று அதிக விலைக்கு வாங்குவது அறிவுடைமையன்று. எனவே, புதிய கணினிக்கும் உடன்செல்லக்கூடிய பொருளையே இப்போது வாங்குவது என்று விதி செய்துகொண்டோம். அவ்விதிக்கு அமைந்தது எஸ்.எஸ்.டி. ஒன்றே. அது விளையாட்டின் ஓட்டத்தைக் கூட்டாது. ஆனால் கணினி விழித்தெழும் நேரத்தை நிமிடங்களிலிருந்து விநாடிகளாக்கும். விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும் நீடித்த பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் பதிவுசெய்துகொண்டோம். பரீட்சை முடிந்தபின் பலகை, செயலி, நினைவகம், பவர் சப்ளை ஆகியவற்றை ஒருங்கே மாற்றுவதெனவும், பெட்டியும் கிராபிக்ஸ் கார்டும் சில காலம் இருக்கட்டும் எனவும் முடிவாயிற்று. வருடப்பிறப்புக் கைவிசேடமாகச் சேர்த்த பணத்தைத் தருவதாக மகன் தானாகவே சொன்னான்.

இனி எஞ்சியது இரண்டாவது வினா. "தம்பி, காசு ஒரு காரணந்தான். உன் படிப்பு குழம்பிப்போகும் எண்ட பயந்தான் பெரிய காரணம்" என்றேன். அவன் சற்றுநேரம் திருகாணியை உருட்டிக்கொண்டிருந்தான். பின், "இதை முதலே சொல்லியிருக்கலாமே, அப்பா" என்றான். பரீட்சை முடியும்வரை சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டு மணிநேரம் விளையாடுவதென்று அவனே வகுத்தான்.

பெற்றோரே, பிள்ளைகள் ஒன்றைக் கேட்கும்போது நாம் மறுக்கலாம். மறுக்கவேண்டிய வேளைகளும் உண்டு. ஆனால் மறுப்பின் மெய்யான காரணத்தை அவர்களிடம் மறைத்தல் ஆகாது. எங்கள் கணினி இப்பொழுது விரைவாக விழிக்கின்றது. தேநீர் ஊற்றத்தான் அவகாசம் இல்லை.