கணக்கு எழுதும் பையனுக்கு எம்.பி.ஏ. எட்டாக்கனியா?

மண்ணடி, தம்புச்செட்டித் தெரு பக்கம் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதும் பையன்கள் டீ கிளாசும் கையுமாக நிற்பார்கள். "எம்.பி.ஏ.வுக்குப் போட்டுப் பார்க்கலாமா?" என்பான் ஒருத்தன். "அதெல்லாம் என்ஜினீயருங்க சமாச்சாரம்ப்பா" என்பான் இன்னொருத்தன். அதோடு பேச்சு காலி!

யார் சொன்னது?

ஐ.ஐ.எம். கல்லூரிகளுக்கான "கேட்" பரீட்சைக்கு ஏதாவது ஒரு டிகிரியில் 50 சதவீதம் மார்க் இருந்தால் போதும். ஷெட்யூல்டு வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45. கணக்குப் பகுதியில் வருவது பெரும்பாலும் சதவீதம், விகிதம், வட்டி, வேகம் என்று பள்ளிக்கூடத்தில் பார்த்ததுதான். நேரம்தான் எமன். ஒரு பகுதிக்கு 40 நிமிஷம்.

அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் சமீப வருஷங்களாக விண்ணப்பங்களைப் படிப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் முன்னால் நிற்பவர்களை நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். வகுப்பு முழுக்க ஒரே மாதிரி ஆட்கள் உட்காரக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. தமிழ்நாட்டிலேயே படிக்க நினைப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் "டான்செட்" இருக்கிறது.

கோட்டை விடும் இடம்

நம்ம ஆள் கோட்டை விடுவது நேர்முகத்தில்தான். "டாலி தெரியும், ஜி.எஸ்.டி. தெரியும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் உட்காருகிறான். டாலி தெரிந்த ஆள் தெருவுக்குப் பத்துப் பேர். கணக்குப் படித்தவனிடம் கணக்கைத்தான் கிண்டுவார்கள். "லாபம் காட்டுகிற கம்பெனி சம்பளம் போடக் காசில்லாமல் முழிப்பது எப்படி?" என்றால் என்ன சொல்வது?

கோவிந்தப்ப நாயக்கன் தெரு கடைக்காரரைக் கேளுங்கள், சொல்லுவார். சரக்கு கடனுக்குப் போயிருக்கும். பில் போட்ட அன்றே விற்பனை ஏறிவிடும், லாபமும் ஏறிவிடும். பணமோ 90 நாள் கழித்து வரும், வராமலும் போகும். மீதிப் பணம் குடோனில் மூட்டையாகத் தூங்கும். ஜி.எஸ்.டி.யை மட்டும் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும்!

தினமும் இதைப் பார்க்கிறவன் இந்தப் பையன். அதை விட்டுவிட்டு, "நிர்வாகத் திறனை வளர்த்துக் கொள்ள விரும்புகிறேன்" என்று நெட்டுருப் போட்டதை ஒப்பிக்கிறான். "சி.ஏ. படிக்க வேண்டியதுதானே?" என்ற கேள்வியும் வரும். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடுவதுதான் ஆசை என்றால் சி.ஏ.தான் சரி. பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருஷக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. எதற்குக் கடனாளி ஆகணும்?

இன்னொன்று. ஐ.ஐ.எம்.மில் நன்கொடை சீட் கிடையாது. "வாங்கித் தர்றேன்" என்று எவனாவது வந்தால் நேரே போலீஸ் ஸ்டேஷன். (பழைய 420 இல்லை, 2024 ஜூலை முதல் 318-வது பிரிவு.)

முதலாளிமார்களே!

கேட் பரீட்சை நவம்பர் கடைசி வாக்கில். வருமானவரித் தணிக்கைக் கெடு வழக்கமாக செப்டம்பர் 30. சில வருஷம் கெடுவைத் தள்ளிப் போடுகிறார்கள். அப்போது பரீட்சை வரை இழுக்கும். பையன் படிக்க வேண்டிய நேரத்தில் ராத்திரி 10 மணிக்குத்தான் பீச் ஸ்டேஷனில் ரெயில் ஏறுகிறான். அந்த ரெண்டு மாசம் அவனை 6 மணிக்கு விட்டால் ஆடிட் ஒன்றும் நின்றுவிடாது அய்யா!