'புக்' – பெயரா, வினையா?

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஆங்கில வீட்டுப் பாடம் எழுதுகிறான். "கீழ்க்கண்ட சொற்களின் வகையைக் கூறு" என்பது கேள்வி. முதல் சொல் 'புக்'. "நவுன்" என்று எழுதுகிறான். அதாவது பெயர்ச்சொல். ஆசிரியர் 'சரி' போடுகிறார்.

அடுத்த வாரம் பரீட்சை. "ப்ளீஸ் புக் எ டிக்கெட்" என்று ஒரு வாக்கியம். 'புக்' என்ன சொல் என்று கேள்வி. பையன் மறுபடியும் "நவுன்" என்று எழுதுகிறான். சிவப்பு மையில் 'தப்பு' விழுகிறது. இங்கே அது 'வெர்ப்', வினைச்சொல்!

போன வாரம் சரி. இந்த வாரம் தப்பா? பையன் அப்பாவிடம் ஓடுகிறான். "எனக்கு ஏதப்பா இங்கிலீஷ்? நீதான் கவனமாகப் படிக்கணும்" என்கிறார் அவர். பையன் வாயை மூடிக் கொள்கிறான். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற எண்ணம் அன்றைக்கே அவன் மனதில் விழுந்து விடுகிறது.

குற்றம் பையனுடையது அல்ல. தனிச் சொல்லைக் கொடுத்து வகை கேட்டார்களே, அந்தக் கேள்வியில்தான் குற்றம்.

ராமனும் பாம்பும்

"ராமன் பாம்பைக் கொன்றான்" என்கிறோம். "பாம்பை ராமன் கொன்றான்" என்று மாற்றிச் சொன்னாலும் செத்தது பாம்புதான். 'பாம்பை' என்பதில் உள்ள 'ஐ' அதைக் காட்டிக் கொடுக்கிறது. 'கொன்றான்' என்பதில் உள்ள 'ஆன்' அது வினை என்று சொல்லி விடுகிறது. தமிழ்ச் சொல் தன் அடையாளத்தைத் தன்னோடு எடுத்துக் கொண்டே வருகிறது.

ஆங்கிலத்தில் "ராமன் கில்ட் தி ஸ்நேக்" என்பதை, "தி ஸ்நேக் கில்ட் ராமன்" என்று மாற்றிப் பாருங்கள். ராமன் செத்துப் போவான்! அங்கே சொல் நிற்கும் இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் வகையைத் தீர்மானிப்பதும் அந்த இடம்தான்.

ஆங்கிலம் ஆதியில் இப்படி இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதற்கும் விகுதிகள் நிறைய இருந்தன. 'லவ்' என்ற சொல்லை எல்லோரும் அறிவோம். அன்று அன்பு என்ற பெயருக்கு 'லுவு' என்றார்கள். அன்பு செய்தல் என்ற வினைக்கு 'லுவியன்' என்றார்கள். காலப்போக்கில் இரண்டின் வாலும் தேய்ந்து, இன்று இரண்டுமே 'லவ்' ஆகி விட்டன.

சொற்களை எட்டு வகையாகப் பிரிப்பது கிரேக்கர் காட்டிய வழி. லத்தீன்காரர்கள் அதைப் பின்பற்றினார்கள். 1586-ல் வில்லியம் புல்லோகர் என்பவர் ஆங்கிலத்துக்கு முதன்முதலாக ஓர் இலக்கண நூலை அச்சிட்டார். அவரும் லத்தீன் வழியிலேயே சென்றார். லத்தீனில் பெரும்பாலும் சொல்லின் வாலைப் பார்த்தே வகை சொல்லி விடலாம். ஆங்கிலத்தில் வால் தேய்ந்த பிறகும், சொல்லை மட்டும் பார்த்து வகை சொல்லும் பழக்கம் போகவில்லை.

'ரவுண்ட்' என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் பெயரடை. 'தி தேர்ட் ரவுண்ட்' என்றால் பெயர். 'ரவுண்ட் தி கார்னர்' என்று முனையைத் திரும்பச் சொன்னால் வினை. 'லுக் ரவுண்ட்' என்றால் வினையடை. உலகைச் சுற்றி என்ற பொருளில் 'ரவுண்ட் தி வேர்ல்ட்' என்றால் முன்னிடைச்சொல். இதைத் தனியாக எழுதி வகை கேட்டால், பெரிய பண்டிதரும் விழிக்கத்தான் வேண்டும்!

அம்மாவும் சொல்லித் தரலாம்

ஆங்கிலம் படிக்காத தாய் தந்தையர் ஒதுங்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பேச்சிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. "புக்கை எடு" என்கிறோம், 'ஐ' சேருகிறது, பெயர். "டிக்கெட் புக் பண்ணு" என்கிறோம், 'பண்ணு' சேருகிறது, வினை. "போனைக் கொடு", "போன் பண்ணு" என்பதும் அப்படியே. 'புக்' இங்கே எப்படி வருகிறது என்று தாய் கேட்டால், பிள்ளையே பதில் சொல்லி விடும்.

இந்த வழி எப்போதும் பலிக்காது. "மிஸ்டேக் பண்ணினான்" என்போம். ஆனால் ஆங்கிலத்தில் அங்கே 'மிஸ்டேக்' பெயர்தான். ஆகவே வாக்கியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லுக்கு முன்னே 'எ' அல்லது 'தி' நிற்கிறதா? பெயராக இருக்கலாம். நடுவில் பெயரடை வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதே வாக்கியத்தில் நேற்று நடந்ததாகச் சொன்னால் அந்தச் சொல் மாறுகிறதா? 'புக்' என்பது 'புக்ட்' ஆனால் அது வினை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனிச் சொல்லை எழுதி வகை கேட்காதீர்கள். வாக்கியத்தைக் கொடுங்கள், "எதனால் அப்படிச் சொல்கிறாய்?" என்றும் கேளுங்கள். விடையை விடக் காரணத்துக்கு மார்க் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இன்று இரவு பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். "எனக்குத் தெரியாது" என்று எழுந்து போகாதீர்கள். "வாக்கியத்தை முழுக்கப் படி, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அது போதும்.