பிரமிடின் வெற்றிடமும் சீத்தா கேம்பின் முதியோரும்

கீசாவின் பெரிய பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்று இருப்பதாக 2017 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஒரு கல்லையும் பெயர்க்காமல் அதைக் காட்டிக்கொடுத்தவை மியூவான் துகள்கள். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் இத்துகள்கள், தரையில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 வீதம் பொழிகின்றன. அடர்ந்த கல் அவற்றுட் பலவற்றைத் தடுத்துவிடும். வெற்றிடம் கூடுதலாக வழிவிடும். அந்த வேறுபாட்டை மாதக்கணக்கில் எண்ணுவதே இம்முறை. 2023இல் இதே பிரமிடின் வடக்கு முகப்புக்குப் பின்னுள்ள 9 மீட்டர் இடைவழியும் இவ்வாறே உறுதியாயிற்று.

பாறைக்கடியில் மியூவான்களை எண்ணும் அறிவு தமிழருக்கு அயலானதன்று. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன், 1950களில் கோலார் தங்கவயலின் வெவ்வேறு ஆழங்களில் அவற்றை அளந்தார். 1965இல் அங்கே, 2 கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயம் பதிவாயிற்று. அந்த ஆழங்களைக் குடைந்தோரில் மிகப் பலர் தமிழ்த் தொழிலாளர்கள். ஆய்வு வரலாறு அறிஞர்களைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. குடைந்தவர்களைப் பெயரின்றிக் கடந்துவிடுகிறது.

அதே தங்கவயலில் பிறந்தவர் ஜோக்கின் அற்புதம். மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் வாழ்ந்த அவர், அக்குடியிருப்பை அகற்றுவதை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடினார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம், அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்புக்குப் பெயர்க்கப்பட்டனர். சுரங்கத்தில் அறிவியலுக்கு ஆழம் தந்த மக்களின் உறவினரே இங்கு அறிவியலுக்காக இடம்பெயர்ந்தோரிலும் இருந்தனர்.

பிரமிடை எழுப்பியவர்கள் யார் என்பதை மியூவான்கள் சொல்லவில்லை. அதைச் சொன்னவை, கீசாவில் தோண்டியெடுக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பின் அடுமனைகளும் கல்லறைகளுமே. அரசனின் அறையைத் தேடும் ஆர்வம் பிழையன்று. உழைத்தவரின் குடிலைத் தேடாமல் விடுவதே பிழை.

கீசாவில் அக்குடிலை மணல் 4,500 ஆண்டுகள் காத்து வைத்தது. ஜனதா காலனிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அங்கே இளைஞராக வாழ்ந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். சீத்தா கேம்பிலும் தங்கவயலிலும் எஞ்சியுள்ள முதியோரின் வாய்மொழியை அவர்தம் பெயர்களோடு பதிவுசெய்து, இந்திய அறிவியல் வரலாற்றின் பகுதியாகவே ஆய்வு நிறுவனங்கள் பேணுதல் வேண்டும். கல்லுக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் கருவி காட்டும். மறைந்துபோன நினைவை எக்கருவியும் மீட்டுத் தராது.