பழைய புல்லட்டை அறுக்க வேண்டாம்

போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத் தோட்டங்களுக்குச் சரக்குக் கொண்டுபோன பழைய புல்லட்டுகள், வலக்காலில் கியர் போடும் அந்த வண்டிகள், நம் வணிகர் வீடுகள் சிலவற்றில் இன்றும் நிற்கின்றன. சென்னையில் தயாரானவை. பிள்ளைகளோ சேசிஸை அறுத்து, சைலன்சரை மாற்றி, புது மோஸ்தரில் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். இதில் நமக்கு உடன்பாடில்லை.

அதற்காக ஒரு போல்ட்டைக்கூட மாற்றக்கூடாது என்போரோடும் நாம் சேரவில்லை. கடைக்காரன் வண்டிக்குக் கேரியர் வேண்டாமா? ஸ்பேனரால் கழற்றிப் பழையபடி ஆக்க முடிந்தால் குற்றமில்லை; வெல்டிங்கும் அறுப்பும்தான் கூடாது. கழற்றிய சாமான்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். காயலான் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். விவரமறிந்து வாங்க வருபவர் முதலில் ஆர்.சி. புத்தகத்தோடு எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும்தான் ஒப்பிடுவார்.

சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கமே. பதிவிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்து, சேசிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கே 'விண்டேஜ்' பதிவு. ஆனால் அப்படிப் பதிந்ததை அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்த முடியாது. மூட்டை ஏற்றும் அன்பர்கள் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கொருமுறை தவறாமல் புதுப்பித்து வரவும்.