மன்னாருக்கு ஒரு பயணத்திட்டம்

விடுமுறை வந்ததும் வீட்டுத் தலைவர் ஒரு தாளை எடுத்து, காலை ஆறு மணிக்கு இன்ன ஊர், பத்து மணிக்கு இன்ன கோயில் என்று கோடிட்டு எழுதத் தொடங்கிவிடுவார். நாமும் அந்தக் குற்றத்தைப் பலமுறை செய்தவர்களே. பனிமலை நாடுகளிலோ, சறுக்குக் கட்டைகளைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு புறப்படுவோர் நாட்களை மட்டும் ஒதுக்கிக்கொள்கிறார்கள். எந்த மலையில் புதுப்பனி விழுந்தது, எங்கே பனிச்சரிவு அபாயம் உண்டு என்று அன்றன்று விசாரித்தே வண்டியைத் திருப்புகிறார்கள்.

மன்னாருக்குச் செல்வோர்க்கு இம்முறை மிகப் பொருந்தும். அங்கே பனி இல்லை; காற்று உண்டு. தீவின் தென்கரையில் 2020இல் 30 காற்றாலைகளை நிறுத்தியவர்கள் இடம் அறியாது நிறுத்தவில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம். அப்போது தலைமன்னார் மணலில் குடை பிடிக்க முயல்வது வீண் வேலை. ஐப்பசிக்குப்பின் வாடை மழையைக் கொண்டுவரும். அந்தப் பருவத்தில்தான் வங்காலைச் சரணாலயத்தில் வடதேசத்து வாத்துகளும் பூநாரைகளும் கூடுகின்றன. 2010இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அச்சரணாலயம் 4,839 ஹெக்டேயர் பரப்புடையது. பூநாரைக்கு முழங்கால் நீர் வேண்டும். நீர் ஏறினால் அது இடம் மாறிவிடும். நேற்று நின்ற சேற்றில் இன்றும் நிற்கவேண்டும் என்று அதற்குக் கட்டளையிட நம்மால் இயலாது.

ஒரு மார்கழியில், ஆள்பதி நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாட்டைக் காணப் புறப்பட்டோம். வழியில் அருவியாற்று வெள்ளம் வீதியின்மேல் ஓடிற்று. அட்டவணைப்படி பதினொரு மணிக்கு அங்கே இருக்கவேண்டும்! “மெல்லப் போகலாம்” என்றோம். சாரதி அசையவில்லை. “ஐயா, தண்ணி வடியட்டும், தேத்தண்ணி குடிப்பம்” என்றார். நமக்கு வந்த கோபத்தை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று குழந்தைகள். அரைமணி கழித்து அதே நீரில் இறங்கிய உழவு இயந்திரம் ஒன்று, வீதியோரம் அறுந்திருந்த இடத்தில் சக்கரம் சரிந்து சாய்ந்து நின்றது. அதன்பின் இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தோம்.

ஆகவே, மழை நாளுக்கென்று சில இடங்களைக் கைவசம் வைத்திருங்கள்: 1560இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை, திருக்கேதீச்சரம், பள்ளிமுனைப் பெருக்குமரம். அம்மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்க ஒரு வகுப்பு மாணவரில் பாதிப்பேர் வேண்டியிருக்கும். வானம் வெளுத்தால் வங்காலைக்கு விடியலிலேயே போய்விடுங்கள். வருவதற்கும் இரு வழி உண்டு: மதவாச்சி வீதி ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, விடத்தல்தீவு ஊடாக வருவது மற்றொன்று. புறப்படுமுன் இரண்டின் நிலையையும் கேட்டறிவது நன்று. எல்லா இரவுக்கும் அறைக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒரு நாளையேனும் வெறுமையாக விடுங்கள். மன்னார்த் தெருக்களில் கழுதைகள் வீதியை மறித்து நிற்கும். அவற்றிடம் அட்டவணையை நீட்டினால் தின்றுவிடும்.