தமிழ் எடுத்தால் பள்ளி இறங்கிவிடுமாம்!



ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த கையோடு எந்தப் பள்ளி முன்னே, எந்தப் பள்ளி பின்னே என்று புலனத்தில் பட்டியல் சுற்றுவது உங்களுக்குத் தெரியாததல்ல. பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போகிறவன்தான் நானும். போன சனிக்கிழமை வரைக்கும்.

தங்கச்சி வீடு நிபோங் திபாலுக்கு உள்ளே, பழைய தோட்டத்து ஓரம். மச்சானுக்குப் பிறையில் ஷிப்ட் வேலை. அதனால் படிவம் நான்குக்குப் போகும் அவர்கள் மகளின் பெற்றோர் கூட்டத்துக்கு, தாய்மாமன் நான் ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் தாண்டிப் போனேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பிள்ளை இன்னும் இரண்டு வருஷம் அங்கேதான் படிக்க வேண்டும்.

பேச வந்தவர் திரையில் ஒரு பட்டியலைப் போட்டார். வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சராசரிப் புள்ளி. மேலே இருப்பவை பச்சை, கீழே இருப்பவை சிவப்பு. இந்தக் கணக்கில் எண் குறைந்தால்தான் பெருமை. ஏ பிளஸ் என்றால் பூஜ்யம், தோற்றால் ஒன்பது. 2024 எஸ்.பி.எம். தேர்வின் தேசியச் சராசரி 4.49. எங்கள் பள்ளி சிவப்பில் கிடந்தது. சாமி புறப்பாட்டைப் படம் பிடிப்பதுபோல் பாதிப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா, "அந்தப் பச்சைப் பள்ளிக்கு இங்கேருந்து பஸ் இருக்காண்ணே?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை.

கூட்டம் முடிந்ததும் தங்கச்சி மகள் பாடத் தேர்வுப் பாரத்தை நீட்டினாள். தமிழ்மொழிக்கு எதிரே பென்சிலில் போட்டிருந்த குறியை ரப்பர் வைத்துத் தேய்த்ததில், அந்த இடத்தில் மட்டும் தாள் நைந்து பஞ்சாகியிருந்தது.

"யார் அழிச்சது?"

"நான்தான் மாமா. வேணாம்னு சொன்னாங்க. நான் சி எடுத்தா ஸ்கூல் பேரு எறங்கிடுமாம்."

ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, ஐயா. சி என்பது தேர்ச்சிதான். ஆனால் பட்டியல் கணக்கில் அது ஆறு புள்ளி. பள்ளியின் சராசரியைப் பிடித்து இழுக்கும். பிள்ளை தேறிவிடுவாள், பட்டியல் தேறாது. ஆக, தமிழைக் கழற்றிவிட்டால் பள்ளி நாலு படி ஏறிவிடும். ஒரு வாத்தியாரைக்கூடக் கூடுதலாகப் போடாமல், ஒரு மணி நேரம்கூட அதிகமாகச் சொல்லிக் கொடுக்காமல் தரத்தை உயர்த்தும் இந்த வித்தையை உலகத்தில் வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

பேச வந்தவரையே போய்க் கேட்டேன். "சூசா நாக் ஸ்கோர்" (நல்ல புள்ளி எடுப்பது கஷ்டம்) என்றார். தமிழில் கேட்டவனுக்கு மலாயில் பதில். அவரும் நம்மவர்தான். தமிழ்ப்பள்ளியில் படித்துத்தான் இந்த நிலைக்கு வந்தேன் என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் மைக்கில் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருந்தார். வீடு வந்த பிறகும் அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெற்றோர் நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஒப்பீடு வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கார் வைத்திருக்கிறவன் தேர்ந்தெடுப்பான். முதல் பஸ்ஸை விட்டால் பள்ளிக்கே மட்டம் போடும் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலையும், தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் விடுதிப் பள்ளிகளையும், வாசலுக்கு வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் தோட்டப்புறப் பள்ளியையும் ஒரே தராசில் நிறுத்துவதற்குப் பெயர் ஒப்பீடா? தமிழுக்கு ஆசிரியர் இல்லையே என்பார்கள். போடுங்கள். 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லித்தர வழி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்கவே விடாமல் பாரத்தை அழிக்க வைத்துவிட்டு, 'கேட்பவர் யாருமில்லை' என்று அறிக்கை எழுதுவது நல்ல தந்திரம்.

2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்துக்குள் அடக்கப் போவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் போய்விடும் என்று நாடு முழுக்கக் குரல் கொடுத்து, பத்தைப் பன்னிரண்டாக்கியவர்கள் நாம். அன்று அமைச்சிடமிருந்து மீட்டதை இன்று ஒரு வண்ணப் பட்டியல் சத்தமில்லாமல் கொண்டுபோகிறது.

நம் தலைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். போட்டி விளையாட்டு நாள் என்றால் ஆள் உயரத்துக்கு அட்டைக் காசோலையோடு வந்து நிற்பார்கள். ஆறாம் ஆண்டு முடிந்து வெளியே வந்த பிள்ளை எங்கே போனது, என்ன பாடம் எடுத்தது என்று கேட்க ஒரு நாதி இல்லை. இதே மாநிலத்தில் ஐந்து சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் நடக்கின்றன. நமக்கு ஒரு தமிழ் இடைநிலைப்பள்ளி வேண்டுமென்று மாநில அரசு கேட்டுப் பார்த்தது. கூட்டரசு அனுமதி தரவில்லை. சரி, பள்ளிதான் இல்லை. இருக்கிற பள்ளியில் ஒரு பாடமாவது மிஞ்ச வேண்டாமா?

பாரத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். தாள் நைந்துபோன அந்த இடத்திலேயே மறுபடியும் குறி போட்டிருக்கிறாள். இந்த முறை பேனாவில்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
ஜார்ஜ்டவுன்.