பாட்டி பேசினால் பிள்ளை குழம்பிவிடுமாம்

கோலா தெர்லாவில் ஒரு வைத்தியம் நன்றாக விலைபோகிறது. பிள்ளைக்கு இரண்டு வயசாகியும் பேச்சு வரவில்லையா, வீட்டில் தமிழை நிறுத்து, ஆங்கிலம் மட்டும் பேசு. காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "ரெண்டு மூனு மொழிய ஒன்னா கேட்டா பிள்ளைக்கு மூள கொழம்பிடும்லா." சொல்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பாலர் பள்ளியில் ஒருவர் சொல்வார், கோயிலில் ஒருவர் சொல்வார், கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தை காடியை விட்டு இறங்கும்போதே சொல்லிவிடுவார்.

என் அக்கா மகனுக்கும் இந்த வைத்தியம் எழுதிக் கொடுக்கப்பட்டது. பகல் முழுக்க அவன் என் அம்மாவிடம்தான் இருக்கிறான். அம்மா முப்பது வருசம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மலாய் பேசுவார், காய்கறித் தோட்டத்துச் சீனரிடம் விலை பேசுகிற அளவுக்குச் சீனமும் தெரியும். ஆங்கிலம் தெரியாது. அப்படியானால் பேரனிடம் எதைப் பேசுவது? "நான் பேசுனா பிள்ள கெட்டுப்போயிடுமாம்டா. நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?" என்றார். கைத்தொலைபேசியில் ஆங்கிலக் கார்ட்டூனைப் போட்டு அவன் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு கீரை ஆயப் போய்விட்டார். அந்த வீட்டில் தமிழ் நின்றது. ஆங்கிலம் வரவில்லை. நாள் முழுக்க ஒரு மனிதக் குரல் அந்தப் பிள்ளையிடம் நேராகப் பேசுவது மட்டும் நின்றுபோனது.

நான் மூளை நிபுணன் இல்லை. ஈப்போவில் பம்ப்பும் வால்வும் பார்க்கிற பொறியியலாளன். ஆனால் ஒரு பம்ப் பழுது என்று யாராவது வந்து சொன்னால் முதலில் நான் கேட்பது, எதை வைத்துச் சோதித்தீர்கள் என்பதுதான். பிள்ளையின் மூளை விசயத்தில் அந்தக் கேள்வியைக்கூட நாம் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பக் கதைக்கு நூறு வயது. 1923இல் டி. ஜே. சேர் என்பவர் வேல்ஸ் நாட்டில் ஏறக்குறைய 1400 பிள்ளைகளைச் சோதித்தார். வெல்ஷும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள், இரண்டு மொழி மனக்குழப்பம் தருகிறது என்று எழுதினார். அவருடைய புள்ளிவிவரத்திலேயே இன்னொன்றும் இருந்தது. பின்தங்கியவர்கள் கிராமத்துப் பிள்ளைகள். நகரத்தில் ஒருமொழிப் பிள்ளைக்கும் இருமொழிப் பிள்ளைக்கும் அப்படி வித்தியாசமே இல்லை. அவர் அளந்தது வறுமையையும் பள்ளி வசதியையும். பழியை மட்டும் மொழி மேல் போட்டார். 1962இல் மொன்றியலில் பீல், லம்பர்ட் இருவரும் குடும்ப வசதியைச் சமப்படுத்திச் சோதித்தபோது இருமொழிப் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். (இரு மொழியிலும் தேர்ந்த பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்ததால் அந்த முடிவும் கொஞ்சம் சாய்ந்ததுதான்.) வேல்ஸ் கிராமத்தை எடுத்துவிட்டு தோட்ட லயத்தை வையுங்கள். கதை அப்படியே பொருந்தும். தோட்டத்துப் பிள்ளை படிப்பில் பின்தங்கினால் சம்பளத்தைப் பார்க்க மாட்டோம், பள்ளிக்குப் போய்வரும் தூரத்தைப் பார்க்க மாட்டோம். அவன் பாட்டியின் வாயைப் பார்ப்போம்.

மூளையை ஹார்ட்டிஸ்க் மாதிரி நினைப்பதுதான் இந்தப் பயத்தின் வேர். தமிழுக்கு இவ்வளவு இடம் போனால் ஆங்கிலத்துக்கு இடம் குறையும் என்ற கணக்கு. குழந்தை மொழியைக் கோப்பாக வாங்கி அடுக்குவதில்லை. காதில் விழுவதில் எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. 1996இல் சாஃப்ரன், அஸ்லின், நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு இடைவெளியே இல்லாத அர்த்தமற்ற அசைகளை இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைகள் எப்போதும் ஒட்டி வருகின்றன என்பதை வைத்து அந்தக் குழந்தைகள் 'சொற்களை'ப் பிரித்துவிட்டன. பாட்டி மூச்சு விடாமல் "அம்மாவந்தாச்சுபாரு" என்று சொல்லும்போது 'அம்மா' தனியாகக் கழன்று வருவதற்கு இந்தத் திறனும் உதவுகிறது.

இரண்டு மொழி கேட்டால் இந்தக் கணக்குக் கலைந்துவிடாதா? 2010இல் பையர்ஸ்-ஹைன்லைன், பர்ன்ஸ், வெர்க்கர் மூவரும் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளைச் சோதித்தார்கள். கர்ப்பத்தில் ஆங்கிலமும் தகாலோக்கும் பேசிய தாய்மார்களின் குழந்தைகள். பால்குடி வேகத்தை வைத்து அளந்தபோது அவை இரண்டு மொழியிலும் ஆர்வம் காட்டின, இரண்டையும் வேறு வேறாகப் பிரித்தும் அறிந்தன. பிறந்த வாரத்திலேயே பிரித்தறிகிற பிள்ளை இரண்டு வயசில் குழம்பிப்போகும் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம்?

தமிழர்கள் மனப்பாடமே செய்ய வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 1984இல் வெர்க்கரும் டீஸும் செய்தது. இந்தியில் நம் தகரம், டகரம் போன்ற இரண்டு ஒலிகளை எடுத்துக்கொண்டார்கள். 'பத்து', 'பட்டு' என்று நாம் சிரமமே இல்லாமல் பிரிக்கிறோமே, அந்த வேறுபாடு. ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் பலருக்கு அது காதிலேயே விழுவதில்லை. ஆனால் ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் பிரித்துவிட்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் ஏறக்குறைய போய்விட்டது. இந்தி வீட்டுக் குழந்தைகளிடம் அது அப்படியே இருந்தது. முதல் பிறந்தநாளுக்குள் மூளை எந்த ஒலி இந்த வீட்டுக்கு வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. பிறகு கற்கவே முடியாது என்பதில்லை, ஆனால் மலை ஏறுகிற வேலை. "மொதல்ல இங்கிலீஷ் வரட்டும், தமிழ் ஆறு வயசுல பள்ளியில கத்துக்குவான்" என்பவர்கள் இந்த மாதக்கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். (ழகரம் எங்கள் தோட்டத்தில் எப்போதோ ளகரமாகிவிட்டது. அதற்காக யாரும் அடிக்க வராதீர்கள்.)

சரி, கார்ட்டூன் ஆங்கிலமாவது சொல்லிக் கொடுக்குமா? பெட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்டது இதற்கு நேரடிப் பதில். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். பன்னிரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம். அவ்வளவிலேயே அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் என்றபோது எதுவும் ஏறவில்லை. மடியும் முகமும் பதில் குரலும் இல்லாமல் அந்த வயதில் காது மட்டும் படிப்பதில்லை. ஆக, அம்மாவின் வாயை அடைத்துவிட்டுத் திரையைத் திறந்த அந்த வைத்தியம் வேலை செய்கிற பம்ப்பை நிறுத்திவிட்டு பம்ப்பின் படத்தைச் சுவரில் மாட்டுவது.

"அப்போ ஏன் பிள்ள தாமதமா பேசுது?" நியாயமான கேள்வி. முதலில் காதுதான் சோதிக்கப்பட வேண்டும். தோட்டத்துப் பெற்றோரிடம் மொழியை மாற்று என்று சொல்லும் வாய்கள் செவிப் பரிசோதனைக்குப் போ என்று சொல்வதில்லை. அடுத்தது எண்ணும் முறை. 'பால்', 'தண்ணி', 'சூசு', 'பூச்சி' என்று தமிழும் மலாயும் கலந்து இருபது சொல் வைத்திருக்கும் பிள்ளையை ஆங்கில அட்டையைக் காட்டிச் சோதித்தால் ஐந்து தேறும். 1993இல் மியாமியில் பியர்சன் குழுவினர் ஸ்பானியமும் ஆங்கிலமும் கேட்கும் குழந்தைகளின் இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டிப் பார்த்தபோது ஒருமொழிப் பிள்ளைகளோடு சமமாகவே வந்தது. உண்மையிலேயே பேச்சுச் சிக்கல் இருக்கும் பிள்ளைக்கு உதவி வேண்டும், அதில் சமரசமே இல்லை. ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்விலும் (2005) இரண்டு மொழி கேட்டதால் நிலைமை மோசமாகவில்லை.

இதுவரை ஆங்கில மோகக்காரர்களைத் திட்டியதைப் படித்து மகிழ்ந்த தமிழ்ப்பற்றாளர்கள் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பக்கமும் சரியில்லை.

தாய்மொழி மூளையை வளர்க்கும், இருமொழி பேசினால் புத்தி கூடும் என்று அட்டை அடித்து ஒட்டுகிறீர்கள். 2019இல் 4524 அமெரிக்கப் பிள்ளைகளின் தரவை அலசியபோது கவனக் கட்டுப்பாட்டில் இருமொழிக்காரருக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் 648 மறதிநோயாளிகளைப் பார்த்தார்கள். இருமொழிக்காரர்களுக்கு நோய் நாலரை வருசம் தள்ளித்தான் தொடங்கியிருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும்கூட. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது, என் அம்மாவை நினைத்துக்கொண்டே படித்தேன். வேறு ஊர்களில் எல்லா இடத்திலும் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாட்டியின் மொழி பிள்ளைக்கு வேண்டும் என்பதற்குப் பாட்டி இருக்கிறார் என்பதே போதாதா? அதற்கு எதற்கு மூளை லாட்டரி?

இன்னொரு குற்றம் இதைவிடப் பெரியது. ஆறு வயசில் அந்தப் பிள்ளை "மழ வந்துச்சு டீச்சர்" என்றால் உடனே திருத்துவது. கலப்புத் தமிழ், தோட்டத்துத் தமிழ், கொச்சை. எங்கள் ஊரில் மூன்று வயசுப் பிள்ளை "தாபாவ் பண்ணுனாங்க" என்கிறது. சாப்பாட்டைக் கட்டி வாங்கும் 'தாபாவ்' சீனத்திலிருந்து வந்தது. காலமும் ஆளும் 'பண்ணு' மேலேதான் ஏறுகின்றன. "தாபாவினாங்க" என்று ஒரு பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை. 'பாசாருக்கு', 'பாசாருல', 'பாசாருலேர்ந்து' என்று மலாய்ச் சொல்லுக்குத் தமிழ் வேற்றுமையைப் பிசகாமல் மாட்டுகிறது. குழம்பிய மூளை இப்படி இலக்கணம் போடாது. அந்தப் பேச்சைக் கேவலம் என்று சொல்லிக் கொடுக்கும் பற்றாளர், அத்தை தொடங்கிய வேலையைத்தான் முடித்து வைக்கிறார். எழுத்து வெறும் ஐயாயிரம் வருசச் சரக்கு; அதற்கென்று மூளை பிறக்கும்போதே தனி இடம் ஒதுக்கி வரவில்லை. பார்வைக்கான ஒரு பகுதியை எழுத்துக்குப் பழக்கி, ஏற்கெனவே இருக்கும் பேச்சோடு அதை இணைக்கிறோம் என்கிறார் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன். 'வந்துச்சு' இருக்கிற பிள்ளைக்கு 'வந்தது' சுலபம். இரண்டும் இல்லாத பிள்ளைக்கு 247 எழுத்தும் வெறும் கோலம்.

நான் 2003இல் ஒன்றாம் ஆண்டு சேர்ந்தவன். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதித்த பிபிஎஸ்எம்ஐ திட்டத்தின் முதல் தொகுதி. பலகையில் ஆங்கிலம், டீச்சர் வாயில் தமிழ். ஆவியாதலைக் கொடியில் காயும் துணியைக் காட்டித் தமிழில்தான் விளக்கினார். எங்கள் ஊர்ப் பனியில் அது காய இரண்டு நாள் ஆகும், அதனால் நன்றாகவே பதிந்தது. இடைநிலைப்பள்ளியில் மலாயில் எழுதியபோதும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதியபோதும் அதே துணிதான் நினைவுக்கு வந்தது. ஒரு மொழியில் புரிந்தது இன்னொரு மொழிக்குக் கூடவே போகும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் எழுதிவருகிறார். அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோதும் 2009இல் கைவிடுவதாக அறிவித்தபோதும் நடந்த வாக்குவாதத்தில் ஒரு கட்சிக்காரர்கூட டீச்சர் வாயில் இருந்த தமிழைப் பற்றிப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே எழுதுகிற, படிக்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாம் நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், விமர்சனத்துக்கு மறுப்பு எழுதுகிறோம். இரண்டு வயசுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரிந்த பாட்டி காட்டிக் காட்டிப் பேச ஒரு படப்புத்தகம் இந்த மலையைப் பற்றி இருக்கிறதா? காய்கறி லோரி, பனி, மழைக்கோட்டு, கொழுந்துக் கூடை, கோபிஸ், பூச்சி. படம் பெரிதாக, எழுத்து ஒரு வரி. 'வந்துச்சு', 'போச்சு' என்றே எழுதுங்கள், யாரும் திருத்த வேண்டாம். வரையத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள், அச்சுச் செலவில் ஒரு பங்கு என்னுடையது. சொற்களை அம்மாவிடம் கேட்டு நான் எழுதித் தருகிறேன்.